அனுமதி இருக்கிறது, மேசைதான் இல்லை

பருவத் தொடக்கத்தில் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் கோப்புகள் வரிசையாக வந்து விழும். துறை நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதியிலிருந்து கைபேசியில் எடுத்த நாற்பது பக்கங்கள். எப்போதோ ஒரு மூத்த பேராசிரியர் ஜெராக்ஸ் எடுத்ததை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, மூன்றாமவர் ஸ்கேன் செய்த கட்டுரை. மறுபதிப்பு காணாத ஓர் இலக்கண உரையின் இரண்டு இயல்கள். பக்கம் சாய்ந்திருக்கும். நடுத்தையலை ஒட்டிய சொற்கள் நிழலில் முங்கியிருக்கும். ஓரத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல் தெரியும். கண்ணால் படிப்பவர்கள் சலித்துக்கொண்டாவது படித்து முடித்துவிடுவார்கள். திரைவாசிப்பான் மென்பொருளை நம்பிப் படிக்கும் மாணவருக்கோ அந்தக் கோப்பில் ஒரு சொல்கூட இல்லை.

காரணம் எளியது. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். அதில் எழுத்து இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும்; கணினிக்கு அது வெள்ளைப் பரப்பில் சிதறிய கறுப்புப் புள்ளிகள். என்விடிஏ, ஜாஸ், ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள டாக்பேக் எல்லாமே கோப்பில் பதிந்திருக்கும் எழுத்துக் குறியீடுகளைப் படித்து ஒலியாக்குபவை. குறியீடே இல்லாத பக்கத்தை வெற்றுப் பக்கம் என்று அறிவித்துவிட்டு அவை நகர்ந்துவிடும். ஆசிரியராக இருக்கும் வாசகர்கள், தங்கள் வகுப்புக்குக் கடைசியாக அனுப்பிய பிடிஎஃப் கோப்பைத் திறந்து அதில் கண்ணில் படும் ஏதாவது ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கலாம். கிடைக்கவில்லை என்றால், அந்த வகுப்பில் யாரோ ஒருவருக்கு நீங்கள் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்யும் வேலை ஒன்றும் மாயம் அல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பல்கலைக்கழக நூலகங்களில் இது அன்றாட அலுவல். ஆசிரியர் தன் பாடத்துக்கான வாசிப்புப் பட்டியலை வகுப்பு தொடங்கும் முன்பே நூலகத்துக்கு அனுப்புகிறார். எந்த நூல், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எந்த வாரத்தில் தேவை என்று குறித்தால் போதும். அதன் மின்பதிப்பு ஏற்கெனவே கைவசம் இருக்கிறதா என்று நூலகம் முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் நூலை அலமாரியிலிருந்து எடுத்து, 300 டிபிஐ தெளிவில் நேராக ஸ்கேன் செய்கிறது. இரண்டு பக்கங்கள் ஒன்றாக விழுந்திருந்தால் பிரிக்கிறது. ஓசிஆர் எனப்படும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் படத்தை எழுத்தாக்கிப் பிழை திருத்துகிறது. தலைப்பு எது, அடிக்குறிப்பு எது, அட்டவணையின் தலைவரிசை எது என்று கோப்புக்குள்ளேயே குறி வைக்கிறது. வரைபடம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிச் சேர்க்கிறது. பிறகு அந்தப் பாடத்தின் இணையப் பக்கத்தில் கோப்பு ஏறுகிறது. ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் கோணல்மாணலான பழைய கோப்புகளையும் கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் இயந்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கோரிக்கை யாரிடமிருந்து புறப்படுகிறது என்பது. அங்கே அது ஆசிரியரிடமிருந்து புறப்படுகிறது. இங்கே மாணவரிடமிருந்து. பார்வையற்ற மாணவர் ஒருவர் ஒவ்வொரு பருவமும், ஒவ்வொரு தாளுக்கும், ஆசிரியரிடம் தனித்தனியாகப் போய்த் தன் நிலையைச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு மனம் இருந்தாலும் வழி தெரியாது. மாணவர் நூலகரைக் கேட்பார். நூலகர் ஸ்கேனர் பழுது என்பார். கடைசியில் விடுதித் தோழர் ஒருவர் உரக்கப் படிக்க, இவர் கைபேசியில் பதிந்துகொள்வார். அல்லது தன்னார்வ அமைப்பு ஒன்று தட்டச்சு செய்து அனுப்பும். கோப்பு கைக்கு வரும்போது உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்திருக்கும். பந்தி கலைந்த பிறகு இலை போடும் வேலை இது.

ஆறாவது வாரத்தில் வகுப்பு எதைப் படிக்கப்போகிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்த ஒரே ஆள் ஆசிரியர்தான். ஆகவே நூலகத்தின் சேவை அவரை நோக்கித்தான் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர் வகுப்பில் இருக்கிறாரா, அவர் வாய் திறந்து கேட்டாரா என்பதைப் பொறுத்து அது தொடங்கக் கூடாது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக நூலகத்தில் ஹெலன் கெல்லர் பிரிவு இருக்கிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் இவை மாணவர் தேடிப் போகும் இடங்கள். பாடப்பொருள் தானாக மாணவரைத் தேடி வரும் ஏற்பாட்டை நாம் இன்னும் செய்துகொள்ளவில்லை.

இப்படி ஒரு யோசனையைக் கல்லூரிக் கூட்டத்தில் சொன்னால் முதலில் எழும் குரல் பதிப்புரிமையைப் பற்றியதாக இருக்கும். புத்தகத்தை ஸ்கேன் செய்தால் வழக்கு வரும் என்ற பயம். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் இந்தியச் சட்டத்தைப் போல் தாராளமான சட்டம் பல பணக்கார நாடுகளில் இல்லை. அந்தத் தாராளம் யாரும் சும்மா கொடுத்ததும் அல்ல, வழக்காடி நிலைநாட்டப்பட்டது.

தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் கொடுத்த வாசிப்புப் பட்டியலின்படி வெவ்வேறு நூல்களிலிருந்து தேவையான பகுதிகளைப் பிரதி எடுத்து, ஒன்றாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு ஃபிரான்சிஸும் 2012இல் அந்தக் கடை மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே அமைப்பாகத் திரண்டு வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா, இது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்பளித்தார். பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. வகுப்பறையின் நான்கு சுவருக்குள் நடப்பது மட்டுமே பயிற்றுவித்தல் ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த அடிப்படையை ஏற்றது. எத்தனை பக்கம், எத்தனை விழுக்காடு என்று எண்ணால் வரம்பு கட்டவில்லை. பயிற்றுவிப்பதற்குத் தேவையா என்பதே அளவுகோல் என்றது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. பிரதி உரிம அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதம் அங்கேயும் அது தள்ளுபடியானது.

பிரிட்டனில் உள்ள ஒரு நூலகர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். அங்கே பொதுவான உரிமத்தின்படி ஒரு நூலில் ஓர் இயல் அல்லது 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதை ஸ்கேன் செய்யலாம்; அதற்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும்; எதை ஸ்கேன் செய்தோம் என்று கணக்கும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் நூல் பகுதிகளை மாணவர்களுக்கு இணையத்தில் கொடுத்ததற்காக 2008இல் தொடங்கிய வழக்கு 2020 வரை இழுத்தது. பெரும்பாலான பகுதிகளில் பல்கலைக்கழகமே வென்றது என்றாலும், 12 ஆண்டு நீதிமன்ற வாசல்படி என்பது சிறிய விலை அல்ல. அத்தனைக்கும் பிறகு அவர்கள் நூலகத்தில் ஸ்கேன் மேசை இயங்குகிறது. இவ்வளவு தடையும் இல்லாத நம்மிடம் அது இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், அவர்கள் படிக்கத்தக்க வடிவில் எந்தப் படைப்பையும் மாற்றிக் கொடுக்கலாம் என்கிறது. பிரெய்ல் மட்டும் அல்ல, எந்த வடிவமானாலும் சரி. லாப நோக்கம் கூடாது. கோப்பு வணிகச் சந்தைக்குள் கசிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தகுதியான அமைப்புகள் எவை என்று விளக்குமிடத்தில், அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனத்தையும் நூலகத்தையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதைவிட வெளிப்படையாக ஒரு நூலகருக்கு அழைப்பு விடுக்க முடியாது. மறு ஆண்டு மொராக்கோவின் மராகேஷ் நகரில் பார்வையற்றோருக்கான பதிப்புரிமை விலக்கு குறித்த உலக உடன்படிக்கை உருவானபோது, அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆண்டு 2014. உடன்படிக்கை நடைமுறைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஓர் எச்சரிக்கை: இந்த விலக்குகள் எதுவும் முழு நூலைத் திறந்த இணையத்தில் எல்லோருக்குமாகப் போட்டுவைக்க உரிமை தரவில்லை. கடவுச்சொல் உள்ள பாடப் பக்கத்தில், வகுப்புக்கு வேண்டிய பகுதி. அந்த வரம்புக்குள் நிற்கும் நூலகர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கடமையும் சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டுப் புத்தகம் கொடுக்காமல் இருப்பது என்ன வகை ஒதுக்கீடு? 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுப் படிவத்தின் ஏழாவது அளவுகோலில், சாய்தளம், மின்தூக்கி, கழிப்பறை என்ற பட்டியலோடு, வாசிப்புப் பொருள்களின் மென்பிரதியும் திரைவாசிப்பும் ஒரு வரியாக இருக்கின்றன. சாய்தளத்தைப் புகைப்படம் எடுத்து இணைத்துவிடலாம். மென்பிரதி வரிக்கு எதிரே எதை வைத்து டிக் போடுகிறார்கள் என்பதை மதிப்பீட்டுக் குழுவினர் ஒரே ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே கண்டுகொள்ளலாம்.

இனித் தமிழுக்கு வருகிறேன். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் வழிமுறையை அப்படியே இறக்குமதி செய்தால் போதாது என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

முதல் சிக்கல், ஸ்கேனே செய்யாத கோப்புகள். கணினியில் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடக்குறிப்பு என்றாலும் அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பின் உள்ளே இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய குறிகள். திரையில் தமிழ் தெரியும். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உச்சரிக்கும். தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பல துறைகளின் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் குடியிருக்கின்றன; வினாத்தாள், பாடத்திட்டம், தொலைநிலைக் கல்விப் பாடநூல் என்று எல்லாம் அவற்றில் பிறக்கின்றன. ஒருங்குறியில் அடித்தவையும் தப்புவதில்லை. சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மெய்யிலிருந்து பிரித்து முன்னால் தனியே நிறுத்திவிடுகின்றன. கண்ணுக்கு அழகாகத் தெரியும் பக்கம் காதுக்குக் குழறலாகக் கேட்கும்.

இரண்டாவது, பழைய நூல்கள். தமிழ் முதுகலை வாசிப்புப் பட்டியலில் பாதிக்கு மேல் இவைதான். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை வளைந்த கொம்போடு வரும். ணா, றா, னா முதலியவையும் வேறு வடிவில் இருக்கும். மாறிய எழுத்துகள் மொத்தம் 13. புதிய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி இவற்றைக் கண்டு திகைத்து ஏதோ ஒன்றைப் போட்டுவிடும். மங்கலான அச்சில் மெய்யின் மேல் உள்ள புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் இலக்கணமே போயிற்று. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும்.

உ.வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பு போன்ற ஒரு நூலின் பக்கத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். மேலே பாட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உரை, அடியில் பாடபேதம், வேறு நூல்களோடு ஒப்புநோக்கிய குறிப்புகள். பழகிய கண் எதை எப்போது பார்ப்பது என்று தானாக முடிவெடுக்கும். குறி வைக்காத கோப்பிலோ மென்பொருள் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போகும். உரை வாக்கியத்தின் நடுவில் பாடபேதம் புகுந்து, அது முடிந்ததும் அடுத்த பக்கத்தில் வாக்கியம் தொடரும். மூலம், உரை, குறிப்பு என்று பிரித்துக் குறி வைப்பதற்குத் தமிழ் படித்த ஒருவர் வேண்டும். இந்த வேலைக்கு எந்தத் தொழில்நுட்ப நிறுவனமும் வெளியிலிருந்து ஆள் அனுப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு தமிழ்த் துறை இருக்கிறது. முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறிய ஊதியம் கொடுத்தால் மெய்ப்புப் பார்க்கவும் கற்பார்கள், பதிப்பியலும் கற்பார்கள்.

இத்தகைய நூல்களுக்குப் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. உ.வே.சா. மறைந்தது 1942இல். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை எழுத்து வடிவிலேயே இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கென எழுத்துணரி உருவாக்கியது. டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரி தமிழைப் படிக்கிறது. என்விடிஏ இலவசம். பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இந்தச் சேவைக்கு அதிகம் இல்லை. ஆளும் நேரமும்தான் செலவு.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடுகிறதே, தனியாக மேசை எதற்கு என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். கைபேசியைக் காட்டினால் பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படித்துச் சொல்லும் செயலிகள் பார்வையற்றவர்களின் அன்றாடத்தை மாற்றியிருப்பது உண்மை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாடநூல் வேறு. நூற்றுக்கு 98 எழுத்துகளைச் சரியாகப் படிக்கும் எழுத்துணரிகூட, 1,500 எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தில் 30 பிழை விடும். பார்க்க முடிந்தவர் அதை அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார். எதை ஒப்பிட வேண்டுமோ அதைப் பார்க்க முடியாதவர்தான் இதைப் பயன்படுத்துகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். மேலும், புதிய வகை மென்பொருள்கள் படிக்க முடியாத இடத்தை வெற்றாக விடுவதில்லை; பொருத்தமாகத் தோன்றும் சொல்லைத் தாங்களே போட்டு நிரப்புகின்றன. குழறலைக் காது கண்டுபிடித்துவிடும். சரளமான பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் இழப்பவர் மாணவர். மென்பொருளைக் கொண்டு முதல் வரைவைத் தயார் செய்யுங்கள், வேகம் கூடும். திருத்திப் பொறுப்பேற்று வெளியிட மனிதர் ஒருவர் வேண்டும்.

எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோதான் என்பது அடுத்த சமாதானம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம், அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1.27 லட்சம். கல்லூரி வாசலில் ஒருவர் இருவர்தான் தெரிகிறார்கள் என்றால், மற்றவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்? தவிர, அச்சைப் படிக்க இயலாமை என்பது பார்வையோடு முடிவதில்லை. 2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் உண்டு. எழுத்துகள் கலங்கித் தெரியும் மாணவர், வரியை ஒலியோடு சேர்த்துக் கேட்டால் புரிந்துகொள்வார். மூளை முடக்குவாதம் உள்ளவரால் கனத்த நூலைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாது. இவர்களில் பலர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டவருக்கு மட்டும் கொடுப்போம் என்ற முறையில் இவர்கள் ஒருபோதும் கணக்கில் வர மாட்டார்கள். இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்துபோகும் மாணவி, படமாக இருக்கும் பக்கத்தைக் கைபேசித் திரையில் இழுத்து இழுத்துப் படிக்கிறாள். எழுத்தாக்கிய கோப்பு அவள் திரைக்கேற்ப மடங்கி விரியும்.

ஒரு தவறான பாதையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் வகுப்புரைகளை உலகத்துக்கே இலவசமாக இணையத்தில் வைத்திருந்தது. காது கேளாதோர் அவற்றை அணுக முடியவில்லை என்ற புகாரின் பேரில் அமெரிக்க நீதித் துறை 2016இல் விசாரித்து, சரிசெய்யச் சொன்னது. பல்கலைக்கழகம் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, 2017இல் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, காணொளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டது. அணுகல் உரிமை கேட்டதால் எல்லோருக்கும் கிடைத்தது போயிற்று என்ற பழி மாற்றுத்திறனாளிகள் மேல் விழுந்தது. சட்டத்தின் அழுத்தம் மட்டும் வந்து, அதை நிறைவேற்ற ஆளும் நிதியும் வராமல் போனால், நம் கல்லூரிகளும் இதையே செய்யும். விதியைக் காட்டி மிரட்டும் சுற்றறிக்கை ஒன்று வரும். மறுநாள் ஆசிரியர்கள் கோப்பு அனுப்புவதையே நிறுத்திவிட்டு, ஜெராக்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் தலையில் இந்த வேலையைக் கட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். கோப்பில் குறி வைப்பது அவர் வேலை அல்ல. பட்டியல் கொடுப்பதுதான் அவர் வேலை.

அரசுக் கல்லூரிகளில் அதுவும் எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பாதி வகுப்புகளைத் தாங்குவது கௌரவ விரிவுரையாளர்கள். பருவம் தொடங்கிய பிறகுதான் அவர்களில் பலருக்கு எந்தத் தாள் என்பதே தெரிகிறது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் முன்கூட்டியே வாசிப்புப் பட்டியல் கேட்பது நியாயமும் அல்ல. எனவே பட்டியல் ஆளோடு போகாமல் தாளோடு தங்க வேண்டும். பாடத்திட்டக் குழு ஒரு தாளுக்குப் பாடநூலையும் பார்வை நூலையும் குறிக்கும்போதே, அவற்றின் அணுகத்தக்க வடிவம் எங்கே இருக்கிறது என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், யார் வந்து பாடம் நடத்தினாலும் கோப்பு தயாராக இருக்கும்.

இங்கே நமக்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு பேராசிரியரும் தன் வாசிப்பைத் தானே வகுக்கிறார்; நூலகம் ஆயிரம் பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்திட்டம் பல இணைப்புக் கல்லூரிகளில் ஓடுகிறது. பகுதி ஒன்று தமிழ்ப் பாடநூல் ஒன்றை ஒருமுறை ஒழுங்காகக் கோப்பாக்கினால் அத்தனை கல்லூரிகளுக்கும் போதும். அதுவும் அண்மையில் அச்சான நூல் என்றால் ஸ்கேன் செய்யவே வேண்டாம். அச்சுக்கோத்த கோப்பு பதிப்பாளரிடம் இருக்கிறது. பாடநூலை ஏற்கும்போதே, ஒருங்குறியில் அமைந்த கோப்பு ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிபந்தனை போடலாம். மறுக்கும் பதிப்பாளரின் நூலைப் பாடமாக வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மத்திய அரசு, டெய்சி ஃபோரம் என்ற தன்னார்வக் கூட்டமைப்பு, டிசிஎஸ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில், ஒரு கல்லூரி தயாரித்ததை நாடெங்கும் உள்ள பார்வையற்ற மாணவர்கள் பெற வழி இருக்கிறது.

தமிழ்நாட்டுத் துணைவேந்தர்கள் இதற்காக அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மைய நூலகத்தில் ஒரு மேசை, ஒரு நல்ல ஸ்கேனர், முழுநேர ஊழியர் ஒருவர், மெய்ப்புப் பார்க்க நான்கைந்து முதுகலை மாணவர்கள். முதல் ஆண்டில் எல்லாத் துறைகளையும் தொட வேண்டாம். பார்வையற்ற மாணவர்கள் அதிகம் சேரும் தமிழையும் வரலாற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புகளைத் திறந்து சரி பார்க்கும் பொறுப்பைத் திரைவாசிப்பானில் படித்துப் பட்டம் பெற்ற ஒருவருக்கே சம்பளத்தோடு கொடுங்கள். ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: கோடை விடுமுறை முடிவதற்குள் உங்கள் வாசிப்புப் பட்டியலை, பக்க எண்களோடு, நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.